நான்காம் பாட்டிலை முகர்ந்தவரின் வாக்குமூலம்

எனது பெயரும் வீட்டு முகவரியும் தனித்தாளில் எழுதி இணைக்கப்பட்டுள்ளன. வயது ஐம்பத்திரண்டு. வெளிநாட்டு மது விற்கும் கடை ஒன்றில் பதினெட்டு வருடமாகச் சுவை பார்ப்பவனாக வேலை செய்து வருகிறேன். கடையில் என்னை மூக்கண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். புதுச் சரக்கு வந்தால் பெட்டிக்கு ஒரு பாட்டிலை நான் திறந்து முகர்ந்து, ஒரு வாய் சுவைத்து, சரி என்று கையெழுத்துப் போட்ட பிறகே விற்பனைக்குப் போகும்.

நான்கு மாதத்துக்கு முன் எனக்குக் காய்ச்சல் வந்தது. காய்ச்சல் விட்ட பிறகு எந்த வாசனையும் தெரியவில்லை. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, நான் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அதிலிருந்து என் மனைவிக்கு விஷயம் தெரியும். "முதலாளிகிட்ட சொல்லிடுங்க, இதெல்லாம் எத்தனை நாளைக்கு மூடி மறைக்க முடியும்" என்று பலமுறை சொன்னாள். வேலை போய்விடும் என்று பயந்து நான் சொல்லவில்லை. பழைய குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்ததை வைத்து ஒப்பேற்றி வந்தேன்.

சென்ற சனிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கடையின் மாடி அறையில் பத்துப் பேருக்குச் சுவை பார்க்கும் கூட்டம் நடந்தது. வைத்திருந்த ஐந்தும் ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கிகள். ஓக் மரப் பீப்பாயில் வருடக்கணக்கில் இருந்த பிறகு, கடைசிச் சில மாதம் ஒயின் இருந்த பீப்பாயில் ஊறியவை. அந்த ஒயினின் நிறமும் பழ வாசனையும் விஸ்கியில் ஏறும். முதல் மூன்றும் எங்களுக்குப் பழகிய சரக்கு. நான்காவது, போர்ட் ஒயின் பீப்பாயில் ஊறியது என்று புது ஏஜெண்ட் ஒருவரிடமிருந்து முந்தின வாரம் வந்த பெட்டி. அதற்கும் நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

மேற்படி நான்காவதை ஊற்றியதும், "உலர்ந்த திராட்சை, பிளம்ஸ், கடைசியில கொஞ்சம் கருகின சர்க்கரை" என்று மனப்பாடமாகச் சொன்னேன். முன்வரிசையில் இருந்த பல் மருத்துவர் அம்மா கிளாஸை முகர்ந்துவிட்டு, "சார், இதுல நெயில் பாலிஷ் அழிக்கிற வாசனை அடிக்குதே" என்றார். நானும் ஒருமுறை முகர்ந்து பார்த்தேன், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. இருந்தாலும், "முதல்ல அப்படித்தாங்க இருக்கும், காத்து பட்டா போயிடும்" என்றேன். அவர் குடிக்கவில்லை. அவருடன் வந்திருந்த அவருடைய சித்தப்பா, ஓய்வு பெற்ற ரயில் ஓட்டுநர், "வீணாக்காதம்மா" என்று சொல்லி இரண்டு கிளாஸையும் தானே குடித்தார். மற்றவர்கள் நாக்கில் பட்டதோடு துப்பிவிட்டார்கள்.

சுமார் இருபது நிமிடம் கழித்து அந்தப் பெரியவர் வாந்தி எடுத்து நாற்காலியிலிருந்து சரிந்தார். அதன்பின் நான் எல்லோரும் கேட்க, "யாரும் தொடாதீங்க, நாலு மாசமா எனக்கு மூக்கே வேலை செய்யல, வாசனை தெரியாமதான் கையெழுத்துப் போட்டேன்" என்று சொன்னேன். முதலாளி கதவருகில் நின்றிருந்தார். அதன்பின் அந்தப் பாட்டிலை மூடி எடுத்துக்கொண்டு பெரியவருடன் ஆம்புலன்ஸில் ஏறினேன். படிக்கட்டில் கழன்று விழுந்த அவருடைய ஒற்றைச் செருப்பையும் மடியில் வைத்திருந்தேன்.

மருத்துவமனையில் பாட்டிலைச் சோதித்தார்கள். அது விஸ்கியே இல்லை, சாயம் போட்ட விஷச் சாராயம் என்றார்கள். பாட்டில் கையோடு வந்ததால் உரிய மருந்தை உடனே தொடங்க முடிந்தது என்றும், ஆனாலும் கண்பார்வை போகலாம், இரண்டு நாள் பொறுத்துத்தான் சொல்ல முடியும் என்றும் மருத்துவர் கூறினார். அந்த இரண்டு நாளும் நான் வராந்தாவை விட்டு நகரவில்லை. என் மனைவி மாற்றுச் சட்டை கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் காலை பல் மருத்துவர் அம்மா வெளியே வந்து என்னை உள்ளே அழைத்தார். பெரியவர் கண்ணை இடுக்கி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னய்யா, சட்டைப் பொத்தானை மாத்திப் போட்டிருக்கே" என்றார். குனிந்து பார்த்தேன், அவர் சொன்னது சரிதான். நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

பாட்டிலில் அதை நிரப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. வாசனை தெரியாமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம். அந்தச் சனிக்கிழமை வரை முதலாளிக்கு அது தெரியாது.

யாருடைய வற்புறுத்தலும் இன்றி நானே நேரில் வந்து சொன்னவை இவை. எழுதியதை அதிகாரி படித்துக் காட்டக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, அனைத்தும் உண்மை. இப்போது மனசு லேசாக இருக்கிறது என்பதையும் சேர்க்கச் சொன்னேன். அது வழக்குக்குத் தேவையில்லை என்றார். பிறகு எழுதிக்கொண்டார்.

(ஒப்பம்)