மூன்றாவது சம்பவம்

— ஜூன் பன்னிரண்டு, வியாழக்கிழமை, பிற்பகல் மூணு நாப்பது. வெளியே தூறல். முப்பதாவது நபர், மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை. கடைசிச் சந்திப்பு. பேசலாங்க்கா.

— மழையைக்கூடவா பதிவு பண்ணுவே, பாப்பா?

— எங்க காலேஜ் மேடம் எல்லாத்தையும் கேப்பாங்க. ரெண்டாம் வருஷக்காரியைக் கோடை லீவு ஆராய்ச்சிக்குச் சேத்துக்கிட்டதே பெரிசு. போன வாரம் உங்க சின்ன வயசுச் சம்பவம் நாலு படிச்சுக் காட்டினேன்ல? மூணாவது, கடைத்தெருவுல நீங்க தொலைஞ்சுபோனது. அதுல மேற்கொண்டு ஏதாவது ஞாபகம் வந்துச்சா?

— ஒரு வாரமா அதேதான்! லென்ஸைத் தேய்ச்சுக்கிட்டே அங்க போயிடறேன். அப்பா என்னைக் கண்டுபிடிச்சுத் தோள்ல தூக்கிக்கிறார். சட்டைக் காலர் ஈரம். மேலேருந்து பாத்தா ஆளே இல்ல, பாப்பா. குடைங்கதான். கறுப்பு கறுப்பா மிதக்குது. நான் அதுக்கு மேல மெதுவ்வாப் போறேன்.

— குடையா? நான் அதை எழுதலையே.

— நீ எதுக்கு எழுதணும்?

— அக்கா, இப்போ ஒண்ணு சொல்லியாகணும், அதுதான் விதி. நாலுல மூணு உங்க அண்ணன் சொன்னது. ஒண்ணு நானாக் கட்டிவிட்டது. நடக்காததை மனசு நடந்ததா நம்புமான்னு பாக்கறதுக்கு.

— எது?

— மூணாவது.

— அந்தக் கடைத்தெருவா?

— தண்ணி குடிக்கிறீங்களா?

— வேணாம். எத்தனை வரி எழுதினே?

— மூணு. அப்பா தேடி வந்தார்னு முடிச்சேன். தோள் கிடையாது.

— கடையில தினம் நூறு பேரைக் கேக்கறேன், இது தெளிவா, அது தெளிவான்னு. எனக்கு நாலுல அதுதான் தெளிவு.

— மன்னிச்சிடுங்கக்கா. வேணாம்னா உங்க பதிவை அழிச்சிடறேன். முப்பது பேர் சேரலேன்னா என்னோட ரெண்டு மாச வேலை அறிக்கையில வராது. அவ்வளவுதான்.

— முகத்தை இப்படி வெச்சுக்கிட்டு ‘அவ்வளவுதான்’ங்கறே. குடு அந்தத் தாளை.

— நாலுக்கும் எதிர்ல நிஜமா, பொய்யான்னு குறிக்கணும். கீழே கையெழுத்து. அப்புறம் யாராலயும் மாத்த முடியாது.

— உன்னாலயும்?

— என்னாலயும்தான். அக்கா, இருங்க, இருங்க. மூணாவதை நிஜம்னு போடறீங்க. ரெண்டாவதுக்கு ஏன் பொய்னு? உங்க எட்டு வயசுல அப்பா பெட்டியைத் தூக்கிக்கிட்டு வீட்டை விட்டுப் போனது, திரும்பி வராதது… அது உங்க அண்ணன் சொன்னதுக்கா. நிஜம்.

— தெரியும். அன்னிக்கு வாசல்ல நின்னு பாத்தவளே நான்தான். கையெழுத்துப் போட்டாச்சு, இந்தா பிடி.