வாய்க்கூடு போட்ட மண்குதிரை

நம்ம பாட்டனோட பாட்டன் அரைஞாண் கட்டாத காலமுங்க. கிளுவம்பாளையத்துல பாவாயின்னு ஒருத்தி இருந்தாளாம். எங்க வம்சத்துக்கு மூத்தவ. அவ புருசன் பொங்கியண்ணன், பெரியவீட்டுச் செவலைக் குதிரையப் பாத்துக்கிட்டவன். அது பெட்டைக் குதிரை. பச்சைத்தண்ணி குடிச்சாலே உடம்பு போடற சாதி. இனிப்புப் புல்லு மிஞ்சிப்போனா குளம்புல சூடு எறங்கி நிக்க முடியாமப் போயிரும்.

அதனால அவன் அளந்துதான் தீனி போடுவானாம். காஞ்ச புல்லத் தொட்டியில ஊறப்போட்டு, இனிப்பெல்லாம் எறங்கின பொறகு புழிஞ்சு வைப்பான். மழை பேஞ்சு காட்டுல கொழுக்கட்டைப்புல்லு தளதளன்னு வந்துச்சுன்னா, பனைநார்ல பின்னின வாய்க்கூடு மாட்டித்தான் மேய விடுவான். சந்துல நொழையற ரெண்டு மூணு இணுக்குத்தான் உள்ள போகும்.

ஊரு சும்மா இருக்குமா? உலைவாய மூடலாம், ஊர்வாய மூட முடியுமா? வாயில்லாச் சீவனப் பட்டினி போடற வீட்டுல எப்பிடிப் புள்ள தங்கும்னு கெணத்தடியில பேசுனாங்களாம். பாவாயிக்கு அப்பப் புள்ளையில்ல. அந்தச் சொல்லு அவளுக்கு முள்ளாத் தெச்சுப்போச்சு.

ஒரு ஐப்பசியில பொங்கியண்ணன் சேணம் வாங்க வெளியூரு போனான். வர மூணு நாளாகும், கூட்ட மட்டும் அவுத்தராதேன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லிட்டுத்தான் போனான். அவன் தலை மறைஞ்சதும் இவ அவுத்துட்டா. செவலை மேஞ்சுதாம், மேஞ்சுதாம், பொழுதுக்கும் மேஞ்சுதாம். பாவாயி வேலியோரம் உக்காந்து பாத்துட்டே இருந்தா. பெத்த புள்ள சோறு திங்கறாப்பல அவளுக்கு வயிறு நெறைஞ்சுது.

மூணாம் நாள் செவலை காலெடுத்து வெக்கல. முன்னங்கால நீட்டிட்டுப் பின்னால சாஞ்சு நிக்குது. வந்தவன் குளம்பத் தொட்டுப் பாத்தான். அடுப்புக்கல்லாட்டம் சுட்டுச்சாம்.

"கூட்ட அவுத்தது யாரு, அம்மிணி?"

"நாந்தானுங்க. பசிக்குதுன்னு நெனச்சேன்."

ரெண்டு பேரும் கொடங்கொடமாத் தண்ணி கொண்டாந்து குளம்புல ஊத்துனாங்க. அஞ்சாம் நாள் படுத்துருச்சு. பாவாயி கூப்பிட்டா மட்டும் எந்திரிக்கப் பாக்குமாம். புல்லு குடுத்தவ அவதானே. அப்பிடிப் பாத்துப் பாத்தே உசுர விட்டுச்சு.

காட்டு மூலையில பொதைச்சாங்க. அடுத்த மழைக்குப் பட்டப்பகல்ல, பாவாயி காதுல மட்டும் நறுக்கு நறுக்குன்னு புல்லு கடிக்கற சத்தம். போய்ப் பாத்தா ஒரு சீவன் இல்ல. பொதைச்ச எடத்தச் சுத்திப் புல்லு மட்டும் ஒட்ட மேஞ்சு கெடக்குதாம். தெனமும் இதே கதை. செத்தும் அதுக்குப் பசி தீரலையே, இன்னும் நாந்தானே மேய விடறேன்னு அவளுக்குச் சோறுதண்ணி எறங்கல. கடைசியில குயவர்கிட்டச் சொல்லி ஒரு மண்குதிரை செஞ்சு அங்க நிறுத்தினா. பழைய கூட்ட எடுத்து அது வாயில கட்டினா.

"பசியோட இரு தாயி. ஆனா நின்னுட்டு இரு"ன்னு சொன்னாளாம். அன்னைக்கே சத்தம் அடங்கிருச்சு.

இன்னைக்கும் மொத மழைக்கு எங்க வீட்டுப் பொம்பளைதான் புதுக்கூடு கட்டோணும், அந்தச் சொல்லச் சொல்லோணும். புல்லு காஞ்ச பொறகு தை மாசத்துல அவுப்போம். இந்தத் தையில நாந்தான் அவுத்தேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க. கூட்டுக்கு உள்பக்கம் நாரெல்லாம் கடிச்சுக் கடிச்சுப் புல்லுச்சாறு ஏறிப் பச்சையா இருந்துச்சு.