பழுதாகாத மோட்டார்சைக்கிள்

கொடிகாமம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவர் பக்கத்துப் பெரியவரிடம் சொன்னார்: "என்ரை புது மோட்டச்சைக்கிள் பழுதாகுதே இல்லை அண்ணை. அதுதான் கரைச்சல்."

"ரெண்டு கிளச், தானாய்க் கியர் மாறுறது, நம்பேலாது எண்டெல்லே சனம் கதைச்சுது?"

"நானும் அதை நம்பித்தான் இருக்கிறன். கையாலை கிளச் பிடிக்கத் தேவையில்லை எண்டு கண்ட உடனை மனிசி தன்ரை ஸ்கூட்டரை விட்டிட்டு அதிலை வேலைக்குப் போகத் தொடங்கிட்டாள். வழியிலை ஒருநாள் நிண்டால் திருப்பித் தருவாள் எண்டு பாத்தன். மாரி மழைக்குள்ளையும் நிக்கேல்லை."

"அப்ப நீ அவவின்ரை ஸ்கூட்டரிலை போவன் தம்பி."

"ரோசாக் கலர் அண்ணை. பூவும் ஒட்டியிருக்கு."

பெரியவர் சிரித்து முடிக்கும்வரை அவர் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்:

"நாளைக்குக் கேட்டுப் பாக்கவேணும், பஸ் எடுக்கிற சந்தி வரைக்குமெண்டாலும் என்னைப் பின்னாலை ஏத்துவாளோ எண்டு."