வலப்பக்கத் திரை

எனக்கு மேஜை சுத்தமாக இருக்க வேண்டும், சார். கம்ப்யூட்டர் திரையும் அப்படித்தான். ஒரு விண்டோ எங்கே திறக்க வேண்டும், எவ்வளவு அகலம், மற்றவற்றுக்கு மேலே நிற்க வேண்டுமா என்பதையெல்லாம் நிரல் எழுதுகிறவன்தான் முடிவு செய்கிறான். நிறைய பேர் அதை ஏனோதானோவென்று விட்டுவிடுவார்கள். நான் விடமாட்டேன். கல்பாத்தியில் என் வீட்டுக்கு வந்து பாருங்கள், செருப்புகூட வரிசையாகத்தான் இருக்கும்.

எலப்புள்ளியில் அந்த ஐஸ்கிரீம் கிடங்கின் கண்ட்ரோல் ரூம் முழுக்க என் கைவேலை. குளிர் அறைக்குள் சுவரில் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. உள்ளே யாராவது மாட்டிக்கொண்டு அதை அழுத்தினால் என் திரையில் 'உள்ளே ஆள்' என்று ஒரு விண்டோ வரும். அதை மூட வழியே வைக்கவில்லை. வெளியிலிருந்து யாராவது கதவைத் திறக்கும்வரை எல்லாவற்றுக்கும் மேலே நிற்கும். அதுவரை கம்ப்யூட்டரை அணைக்கவும் முடியாது. இவ்வளவு கவனமாக அதை வைத்தவனும் நான்தான். அதை மட்டும் நீங்கள் யாரும் எழுதிக்கொள்வதில்லை.

ரத்தினசாமி உள்ளே பெட்டி அடுக்குகிறவர். கதவின் உள்பக்கக் கைப்பிடியில் பனி பிடித்து இறுகிவிடும். உடனே பொத்தானை அழுத்துவார். நான் எந்த வேலையில் இருந்தாலும் நட்டநடுவே அந்த விண்டோ வந்து உட்காரும். படி இறங்கிப் போய்க் கதவைத் திறந்தால், மீசையில் பனியோடு சிரித்துக்கொண்டு நிற்பார்.

"ஏனுங்க சார், ஒக்காந்தே இருந்தாக் காலு மரத்துப் போயிருமுங்க. அதுக்குத்தான் கூப்புட்டு நடக்க வெக்கறனுங்க."

பக்கத்தில் நிற்பவர்களும் சிரிப்பார்கள். ஒரு முறை முதலாளியின் விருந்தாளிகளுக்கு நிரலைக் காட்டிக்கொண்டிருந்தேன். அப்போதும் வந்தது. மூட முடியாமல் நான் விழித்தேன். "நீ எழுதினதே உன்னை விடமாட்டேங்குதே, அமர்நாத்" என்றார் முதலாளி. உண்மையில் மாட்டிக்கொண்டிருந்தது நான்தான், சார். ரத்தினசாமிக்காவது அழுத்த ஒரு பொத்தான் இருந்தது. எனக்கு என்ன இருந்தது?

பிறகு வலப்பக்கத்தில் இன்னொரு திரை கொடுத்தார்கள். அந்த விண்டோவை இழுத்து அங்கே வைத்தேன். கடைசியாக வைத்த இடத்தை நிரல் ஞாபகம் வைத்துக்கொண்டு அடுத்த முறையும் அங்கேயே திறக்கும். நிம்மதியாக இருந்தேன். ஓணம் முடிந்ததும் அந்தத் திரையை முதலாளி தன் அறைக்கு எடுத்துப்போய்விட்டார்.

திரை இல்லாத இடத்தில் விண்டோ திறந்தால் யார் கண்ணிலும் படாது. அப்படி ஆனால் அதை இருக்கிற திரைக்குள் இழுத்துவர இரண்டு மூன்று வரிகள் எழுதி வைப்பது வழக்கம். நானும் எழுதியிருந்தேன். அதனால் அந்த விண்டோ மறுபடியும் என் திரைக்கே வந்து உட்கார்ந்தது. கல்பாத்தித் தேர் அன்று காலை அந்த வரிகளை எடுத்துவிட்டேன். விண்டோ வரும்போது எழும் சத்தத்தையும் நிறுத்தினேன். அன்றாவது நேரத்தோடு கிளம்ப வேண்டும் என்பதுதான் எண்ணம். கவனக்குறைவு என்று நீங்கள் பெருந்தன்மையாகச் சொல்கிறீர்கள். என் வேலையில் அது கிடையாது.

சாயங்காலம் கம்ப்யூட்டரை அணைத்தேன். அணைய மறுத்தது. திரை துடைத்துவிட்ட மாதிரி இருந்தது, பார்க்கவே நன்றாக இருந்தது. அது ஏன் அணையவில்லை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். கீழே போனால் மறுபடியும் அதே சிரிப்பு, அதே கேலி. அலுப்பாக இருந்தது. மானிட்டரை மட்டும் அணைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன்.

கேட்டருகே ரத்தினசாமியின் மனைவி நாச்சம்மாள் நின்றிருந்தார். அங்கேயே பேக்கிங்கில் வேலை.

"சார், எங்க ஊட்டுக்காரரப் பாத்தீங்களா? இன்னும் வரக் காணமுங்க."

"அப்பவே போய்ட்டாரே. தேர் பாக்கப் போயிருப்பார்."

"சொல்லாமப் போக மாட்டாருங்களே" என்றார். பிறகு அவரே, "செரிங்க, உங்களுக்கு நேரமாச்சு, போய்ட்டு வாங்க" என்று வழி விட்டார். மரியாதை தெரிந்தவர்.

தேர் நல்லபடியாக நகர்ந்தது. நானும் வடம் பிடித்தேன். நடுவில் ரத்தினசாமியை நினைக்கவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். சட்டைப்பையில் போன் இருந்தது. கேட் செக்யூரிட்டியிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். வடத்தை விட மனம் வரவில்லை.

மறுநாள் முதல் ஆளாகப் போய்க் கதவைத் திறந்ததும் நான்தான். கதவை ஒட்டியே உட்கார்ந்திருந்தார். ஒரு கை பொத்தானுக்குக் கீழே சுவரில் ஒட்டியிருந்தது. மேலே போய்க் கம்ப்யூட்டரை அணைத்துப் பார்த்தேன். சொன்னதும் அணைந்தது.

ரத்தினசாமியைக் கொன்றது நான்தான். எங்கே சொல்கிறீர்களோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நிரலில் பிழை என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அவர் அழுத்தியதும் விண்டோ திறந்தது, விடியும்வரை திறந்தே இருந்தது. வேண்டுமானால் வலப்பக்கம் ஒரு திரை வைத்துப் பாருங்கள்.