இரவல் பெயர்

— கதவைச் சாத்து கமில். மேற்பார்வைக்காரி பார்த்தா, சலவைக்கூடத்துல உனக்கென்ன வேலைன்னு கேப்பா.

— எழுத்தாளர் சட்டை வெளுக்கப் போட வந்திருக்கார்னு சொல்லு.

— எழுத்தாளரு! மூஞ்சியப் பாரு. நாலு நாவலையும் இந்த ஈரத்துணிக்கு நடுவுல உக்காந்து எழுதினவ நான். அட்டையில பேரு உனக்கு, மேடையில பூங்கொத்தும் உனக்கு.

— மெதுவாப் பேசு தாயே! எழுதக் கூடாதுன்னு உன்னைத் தடை பண்ணியிருந்தப்போ துணிஞ்சு பேரு குடுத்தவன் நான். வெளிய தெரிஞ்சா ரெண்டு பேரும் கம்பி எண்ணணும்.

— உன்னைக் குத்தம் சொல்லலப்பா. பிராகுல பாதி புஸ்தகம் அப்படித்தானே வருது? ரஷ்ய டாங்கி வந்தப்போ எதிர்த்துக் கையெழுத்துப் போட்டுத் தடை வாங்கின என்னை மாதிரி ஆளுங்க எழுதுறது, போடாதவங்க பேரு குடுக்குறது. இப்பத்தான் எனக்குத் தடைய எடுத்தாச்சே! புது நாவலை என் சொந்தப் பேருல பதிப்பகத்துல குடுத்திருக்கேன். அம்மாவுக்குக் கண்ணு தெரியிறப்பவே அட்டையில மிலாடான்னு காட்டிடணும்.

— அதைச் சொல்லத்தான் வந்தேன்... அதைப் போட மாட்டாங்களாம்.

— ஏன்? அதுல அரசியல் ஒரு வரி கிடையாதே!

— கமிலைக் காப்பியடிச்சிருக்கியாம். வரிக்கு வரி என் நடையாம்.

— அடப்பாவி, அது என் நடைடா!

— எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே.

— வேற மாதிரி எழுத எனக்கு வராதே கமில். அப்ப சாகுற வரைக்கும் உன் பேருக்குள்ளயே அடைஞ்சு கெடக்கணுமா நான்? மூச்சு முட்டுது எனக்கு. நீ போய் ஒரு வார்த்தை சொல்லு. காப்பி இல்ல, அவ கையில சரக்கு இருக்குன்னு. நீ பெரிய ஆளு, உன் பேச்சு எடுபடும்.

— கேட்டாங்க. கைப்பிரதிய என்கிட்டதான் அனுப்பி அபிப்பிராயம் கேட்டாங்க.

— அம்மாடி! வயித்துல பாலை வார்த்த. இதை மொதல்லயே சொல்ல வேண்டியதுதானே? என்ன எழுதிக் குடுத்த?

— நல்லா இருக்குன்னு எழுதினா, எதுக்கு இவ்வளவு பரிஞ்சு பேசுறான்னு தோண்ட ஆரம்பிச்சிடுவாங்க. எனக்கும் பொண்டாட்டி புள்ளை இருக்கு மிலாடா...

— கமில். என்ன எழுதின?

— என் எழுத்தை இவ திருடியிருக்கான்னு. இத்தனை வருஷத்துல என் பேரு போட்டு நானே எழுதினது அது ஒண்ணுதான்.