கால்மிதியைத் துவைத்ததும் மேடேறிய ஜீப்

சித்தூரிலிருந்து திருப்பதி போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அக்காவும் தங்கையுமாக இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். தங்கை சொன்னாள்:

"கால்மிதியைத் துவைச்சேன்க்கா, எங்க ஜீப்புக்கு பலம் வந்துடுச்சு."

நான் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"என்னாடி சொல்ற?"

"அந்தப் பழைய ஜீப்பு கொல்லை மேட்டுல ஏறாது இல்ல? வேர்க்கடலை மூட்டை ஏத்தினா நாங்க எல்லாரும் இறங்கித் தள்ளணும். இன்ஜினை மாத்தினாத்தான் ஆவும்னுட்டாரு மெக்கானிக். அதுக்காக மாட்டை வித்துடலாம்னு இவரு சொல்லிக்கினு இருந்தாரு."

"அய்யோ, கறவை மாட்டையா?"

"ஆமா. கால் சுடுதுன்னு இவரு ஆக்சிலேட்டருக்கு அடியில தடியா ஒரு கால்மிதி போட்டிருந்தாரு. நாத்தம் தாங்காம நான் எடுத்துத் துவைச்சுக் காயப் போட்டேன். மறுநாள் மிதிச்சா ஆக்சிலேட்டர் அடி வரைக்கும் போவுது! இத்தனை நாளா பாதிதான் போய்க்கினு இருந்திருக்கு."

அக்கா சிரித்த சிரிப்பில் கண்டக்டர் திரும்பிப் பார்த்தார்.

"மேடு ஏறிடுச்சா?"

"மூட்டையோட, ஒரே மூச்சுல! எங்க மாமியார் வழக்கம்போலத் தள்ளறதுக்குக் கீழ இறங்கி நின்னாங்க. இவரு சந்தோசத்துல அவங்களை மறந்துட்டு உச்சிக்கே போயிட்டாரு. அப்புறம் ரிவர்ஸ்லயே கீழ வந்து, 'ஏறும்மா'ன்னாரு."

"நல்லா திட்டினாங்களா?"

"எங்கேக்கா திட்டினாங்க? முன் சீட்டுல ஏறி உக்காந்துக்கினு, 'நான் இல்லாம ஏறினது செல்லாது நைனா, மறுபடி ஏத்து'ன்னாங்க."