செல்வத்தைப் பனியில் விட்டுவந்தேன்

விசில் சத்தம். பிறகு இரண்டு மூச்சு விடும் நேரம். பிறகு வெடிப்பு.

"செல்வம், படு!"

படுக்கிறோம். வாயெல்லாம் பனி. மாட்டுப்பொங்கலன்று காலை. கலண்டர் இல்லாமலே நாட்களை எண்ணிவந்தேன். மூன்றாவது குண்டு பின்னால் விழுகிறது. செல்வம் கத்தவில்லை. "மச்சான், காலு" என்றான். அவ்வளவுதான்.

இலங்கையில், நமுனுகுலைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசை வீடான ஒரே லயத்தில் இருவரும் பிறந்தோம். அவன் கொழுந்து லொறியில் வேலை செய்தான். நான் தேயிலைத் தொழிற்சாலையில். வெளிநாட்டு முகாமில் சமையல் வேலை என்று பதுளையில் ஒருவர் சொன்னார். வாசிக்கத் தெரியாத மொழியில் ஒரு தாள். கையெழுத்து வைத்தோம். போய் இறங்கிய பத்தாம் நாள் தோளில் வெடிகுண்டுப் பெட்டி. யாருடைய சண்டையோ. யாருடைய மலையோ.

எங்கள் ஊரில் பனி புல்லின் மேல் இருக்கும். வெயில் ஏறினால் போய்விடும். அங்கே வெயில் ஏறியது. பனி போகவில்லை. இடுப்பளவு கிடந்தது. தண்ணீர்ப் போத்தல் சட்டைக்குள்ளேயே உறைந்தது.

அவனை ஒரு குழிக்குள் இழுத்துப்போட்டேன். என் இடுப்புப் பட்டியால் தொடையை இறுக்கினேன். ரத்தம் நின்றது. தலைக்கு மேலே ட்ரோன். தேயிலை மலையில் குளவிக்கூடு கலைந்தால் வரும் அதே இரைச்சல். தலையைத் தூக்க முடியவில்லை. காலையிலிருந்து அப்படியே கிடந்தோம். மதியத்துக்குப் பிறகு செல்வத்தின் நடுக்கம் நின்றது. நல்லதென்று நினைத்தேன். நடுக்கம் நின்றால் உடல் குளிரிடம் தோற்றுவிட்டது என்று அப்போது எனக்குத் தெரியாது.

"இப்ப குளிரல மச்சான்," என்றான். தன் கையுறையைக் கழற்றினான். "நீ போட்டுக்க. நான் சும்மாதானே படுத்திருக்கேன்."

என் வலது கையுறை வெடிப்பில் போயிருந்தது. வாங்கிக்கொண்டேன். உயிரோடு இருப்பவனிடமிருந்து வாங்கிக்கொண்டேன்.

அந்தி சாயும்போது இரைச்சல் விலகியது. செல்வத்தின் கண் திறந்திருந்தது. இமையில் விழுந்த பனி கரையவில்லை. தூக்கிப் பார்த்தேன். முடியவில்லை. தனியாகத் தவழ்ந்தேன்.

ஆஸ்பத்திரியில் என் விரல்களை வெட்டினார்கள். சண்டைக்கு உதவாதவன் என்று திருப்பி அனுப்பினார்கள்.

லயத்து வாசலில் அவன் மனைவி கலா நின்றாள். அழவில்லை.

"அண்ணே, அவரு குண்டு பட்டா செத்தாரு?"

"காலுலதான் பட்டுச்சு, தங்கச்சி. குளிருல போயிட்டான்."

"அவருக்குக் குளிரு ஆகாதுண்ணே. மார்கழியில ரெண்டு கம்பளி கேப்பாரு."

கையுறையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவிட்டேன். அவள் படிக்கட்டும்.

பெட்டி சுமந்து அந்த மலை ஏறியவர்கள் ஒன்பது பேர். இறங்கியவர்கள் இரண்டு பேர். என் வலது கையில் மூன்று விரல்கள் இல்லை. செல்வத்துக்கு முப்பத்தொரு வயது. உடல் வரவில்லை. பிள்ளைகள் இரண்டு. சின்னவள் அவனைப் பார்த்ததே இல்லை.